தெளிந்த நீரும் தூய நீரும்

எழுதும் தாளைக் கையில் எடுக்கும் நாம், அதனோடு உடன்பிறந்த கழிவுநீரை எண்ணிப் பார்ப்பதில்லை. மரம், மூங்கில், கரும்புச் சக்கை ஆகியவற்றின் நார்களை இறுகப் பிணைத்திருக்கும் லிக்னின் என்னும் பொருளை நீக்கியே தாளுக்குரிய கூழ் ஆக்கப்படுகிறது. அக்கூழைக் கழுவவும் வெளுக்கவும் நீர் மிகுதியாக வேண்டும். கரும்புச் சக்கையை முதன்மையாகப் பயன்கொள்ளும் கரூர் மாவட்டக் காகிதபுரம் ஆலை, காவிரியை அடுத்து அமைந்திருப்பது நோக்கத்தக்கது.

கழிவுநீர் முதலில் தெளிவிப்புத் தொட்டியில் தங்குகிறது. நார்த்துகள்கள் அடியில் படிகின்றன. அடுத்துள்ள காற்றூட்டுத் தொட்டியில் நுண்ணுயிர்கள் கரைந்த கரிமப் பொருள்களை உண்கின்றன. இரண்டாம் தெளிவிப்புத் தொட்டியில் அந்நுண்ணுயிர்க் கசடு படிய, அதில் ஒரு பகுதி மீண்டும் காற்றூட்டுத் தொட்டிக்கே அனுப்பப்படுகிறது. இம்முறை 1914-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஆர்டெர்ன், லாக்கெட் என்னும் இருவரால் விளக்கப்பட்டது.

இதனை ஆய்வு செய்வோர் எதைக் காண வேண்டும்? காற்றூட்டுத் தொட்டியில் உயிர்வளி லிட்டருக்கு ஏறத்தாழ 2 மில்லிகிராம் கரைந்திருத்தல் நலம். அந்நீரை ஒரு லிட்டர் அளவுக் குவளையில் 30 நிமிடம் அசையாது வைத்தால், கசடு படியும் திறன் புலனாகும். தாள் ஆலைக் கழிவில் கரிமம் மிகுதி. நைட்ரஜனும் பாஸ்பரசும் குறைவு. ஆதலின் யூரியா முதலியன இடப்படுகின்றன. அவை குறைந்தால் கசடு படியாமல் நீரோடு வெளியேறக்கூடும்.

ஈண்டுக் கண் நம்மை ஏமாற்றும். சர்க்கரை கரைந்த நீர் தெளிவாகவே தோன்றும். ஆயினும் ஆற்றில் கலப்பின் மீன்களுக்குரிய உயிர்வளியைக் கவர்ந்துகொள்ளும். லிக்னினோ நுண்ணுயிர்க்கு எளிதில் இரையாகாது. எனவே நன்கு சுத்திகரித்த நீரும் பழுப்பாய் இருக்கலாம். இதனால்தான் நீரை 27 பாகை வெப்பத்தில் 3 நாள் வைத்து, உயிர்வேதி உயிர்வளித் தேவையை அளக்கின்றனர். ஆறு முதலிய உள்நாட்டு நீர்நிலைகளில் விடப்படும் கழிவுநீருக்கு நம் நாட்டின் பொது வரம்பு லிட்டருக்கு 30 மில்லிகிராம்.

அவ்வெண் மட்டும் போதுமா? நாளொன்றுக்கு 1 கோடி லிட்டர் வெளியேறினால், அவ்வரம்பிலேயே ஆற்றின்மீது ஏறும் சுமை 300 கிலோகிராம். நல்ல நீரைக் கலந்து எண்ணைக் குறைக்கலாம், சுமை குறையாது. ஆகவே மாதிரியை எடுப்பதோடு, வெளியேறும் நீரின் அளவையும் குறித்தல் வேண்டும்.

மாதிரி எடுப்பதற்கும் நெறியுண்டு. ஆலையாரின் முன்னிலையில் அதனை இரு கூறாக்கி, முத்திரையிட்டு, இரு தரப்பாரும் ஒப்பமிட வேண்டும் என்பது 1974-ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின் பொதுவிதி. சட்டம் கூறும் முறை வழுவினால் ஆய்வு முடிவு நீதிமன்றத்தில் சான்றாகாது. கீழ்க்கரை உழவரின் முறையீடும் வலுவிழக்கும்.

தாளில் அறம் எழுதும் நாம், அத்தாள் விட்டுச்சென்ற நீரின் கணக்கையும் கேட்கக் கடமைப்பட்டுள்ளோம்.