‘நாங்கள்’ என்பதும் ‘நாம்’ என்பதும்: பள்ளியில் மாணவர் முன்னெடுக்கும் குடிமைப் பணிகள்

உயர்நிலைப்பள்ளி மாணவர்கள் தம் பள்ளியில் உள்ள குறையொன்றைத் தாமே கண்டறிந்து, அதன் காரணத்தை ஆராய்ந்து, திருத்த முற்படுவதைக் குடிமைப் பணி என்கிறோம். ஆசிரியர் இட்ட பணியைச் செவ்வனே முடிப்பது தொண்டு, அதுவும் போற்றத்தக்கதே. ஆயினும், எதைச் செய்வது என்று தீர்மானிக்கும் பொறுப்பு மாணவரிடம் வந்து சேரும்போதுதான் அது குடிமைப் பயிற்சியாகிறது. அப்பயிற்சியில் மொழிக்குள்ள பங்கினை இங்குக் காண்போம்.

சிங்கப்பூரில் 1997இல் தொடங்கிய சமூக ஈடுபாட்டுத் திட்டத்தின்கீழ் ஒவ்வொரு மாணவரும் ஆண்டுக்குக் குறைந்தது 6 மணி நேரம் தொண்டு செய்தனர். 2012இல் அதற்கு மாற்றாக, நற்பண்புகளைச் செயலில் காட்டுதல் என்னும் கருத்தை முன்னிறுத்திய திட்டம் வந்தது. மணிக்கணக்கைவிட, மாணவர் எதை உணர்ந்தார், எதைக் கற்றார் என்பதற்கு அது முதன்மை தந்தது. 2017 முதல் எல்லாப் பள்ளிகளிலும் மாணவர்கள் நாள்தோறும் துப்புரவுப் பணியில் ஈடுபடுகின்றனர். ஆக, வாய்ப்பு இருக்கிறது. அதை எவ்வாறு பயன்படுத்துவது என்பதே வினா.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். பள்ளி உணவகத்தில் சோறும் காய்கறியும் மிகுதியாகக் கொட்டப்படுகின்றன. மாணவர் குழு வழக்கமாகச் செய்வது என்ன? ‘உணவை வீணாக்காதீர்’ என்று சுவரொட்டி எழுதி ஒட்டுவது. ஒரு வாரத்தில் அது சுவரோடு சுவராகிவிடும். மாறாக, அக்குழு ஐந்து நாள் மீதத்தை எடைபோட்டுக் குறித்துக்கொள்ளட்டும். பிறகு வினவட்டும். ‘நீங்கள் உணவை வீணாக்குகிறீர்களா?’ என்று கேட்டால் எவரும் ‘இல்லை’ என்றே விடையிறுப்பர். ‘இன்று தட்டில் எதை மீதம் வைத்தீர்கள்? ஏன்?’ என்று கேட்டால் காரணங்கள் வெளிப்படும். இடைவேளை போதவில்லை என்பார் ஒருவர். சோற்றைக் குறைத்துக் கேட்கக் கூச்சம் என்பார் மற்றொருவர். கடைக்காரரிடம் பேசினால் அவருக்குள்ள இடர்ப்பாடும் தெரியவரும். அதன்பின் ‘சோறு குறைவாக’ என்று எளிதாகக் கேட்கும் முறையொன்றை ஏற்படுத்தி, மீண்டும் ஐந்து நாள் எடைபோட்டால், செய்தது பயன் தந்ததா என்பதும் விளங்கிவிடும். எடை குறையாவிடில் காரணத்தை மீண்டும் தேட வேண்டும். அதுவும் கல்வியே.

இங்குத் தமிழ் இலக்கணம் நமக்கு ஒரு தெளிவைத் தருகிறது. தன்மைப் பன்மையில் நம் மொழிக்கு இரு சொற்கள் உண்டு. கேட்பவரை நீக்கிச் சொல்வது ‘நாங்கள்’; கேட்பவரையும் சேர்த்துக்கொள்வது ‘நாம்’. பின்னதை உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்பது மரபு. மலாய் மொழியிலும் ‘காமி’, ‘கித்தா’ என்று இதே வேறுபாடு உண்டு. ஆங்கிலத்தில் ஒரே சொல் இரண்டிற்கும் நிற்கிறது.

‘தட்டில் மீதம் வைக்காதீர்கள்’ என்னும் அறிவிப்பு, சொல்பவரை ஒருபுறமும் கேட்பவரை மறுபுறமும் நிறுத்துகிறது. ‘வேண்டிய அளவே கேட்டு வாங்குவோம்’ என்பது இருவரையும் ஒரே வரிசையில் வைக்கிறது. ஆனால் விகுதியை மாற்றிவிட்டால் மட்டும் போதாது. எவரையும் கலந்து பேசாமல் ‘நாம் முடிவு செய்தோம்’ என்று அறிவித்தால் அந்த ‘நாம்’ பொய்யாகிவிடும். ‘நாங்கள்’ என்பதற்கும் உரிய இடம் உண்டு. ‘நாங்கள் எடைபோட்டோம், இவ்வளவு இருந்தது, இன்னதை நாங்கள் செய்வோம்’ என்று கூறும்போது அச்சொல் பொறுப்பை ஏற்றுக்கொள்கிறது. பொறுப்பேற்பதற்கு ‘நாங்கள்’, கூடி முடிவெடுப்பதற்கு ‘நாம்’ என்று இவ்விரண்டின் இடத்தையும் மாணவர் உணர வேண்டும். துப்புரவுப் பணியாளரும் உணவகக் கடைக்காரரும் அந்த ‘நாம்’ என்பதில் அடங்குவர் என்பதை அவர்கள் மறத்தலாகாது.

தமிழாசிரியர்க்கு இதில் தனிக் கடமை உண்டு. தொடக்கப்பள்ளியில் நற்குண, குடியியல் பாடங்கள் தாய்மொழியில் நடைபெறுகின்றன. உயர்நிலையில் இத்தகைய பணிகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே திட்டமிடப்படுகின்றன. தமிழ் நம் நாட்டின் நான்கு அதிகாரத்துவ மொழிகளுள் ஒன்று. எனினும், ஒன்றைக் குறித்து வாதிட்டு முடிவெடுக்கப் பயன்படாத மொழி, நாளடைவில் தேர்வுத்தாளுக்கும் விழாமேடைக்கும் உரியதாகச் சுருங்கிவிடும். பதினைந்து அகவையில் தமிழில் ஒரு கோரிக்கையை எழுதிப் பழகாதவர், முப்பது அகவையில் எழுதுவார் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

ஆகவே, ஒரு பணிக்கு வேண்டிய மூன்று எழுத்துகளையேனும் தமிழ் வகுப்பின் கட்டுரைப் பயிற்சியாகக் கொள்ளலாம். முதலாவது, வினாப்பட்டியல்: விடையைத் திணிக்காத வினா அமைத்தல். இரண்டாவது, பள்ளி முதல்வருக்கான கோரிக்கைக் கடிதம்: குறை, சான்று, வேண்டுகோள் என்னும் வரிசையில் பணிவுடனும் தெளிவுடனும் எழுதுதல். மூன்றாவது, அடுத்த ஆண்டு மாணவர்க்கான குறிப்பு: எது பயன் தந்தது, எது தரவில்லை என்று மறையாது கூறுதல். மூன்றாவதையே பலரும் விட்டுவிடுகின்றனர். அதனால் ஒவ்வோர் ஆண்டும் புதிய குழு மீண்டும் சுவரொட்டியிலிருந்தே தொடங்குகிறது. பணியை முன்னெடுத்த மாணவர் பள்ளியை விட்டுச் சென்ற பின்னும் அது தொடர வேண்டுமாயின், அவர்கள் எழுதி வைத்த அக்குறிப்பு அடுத்தவர் கைக்குச் சேர வேண்டும்.