பாதாம் பருப்பில் கசப்பு வருவது ஏன்?

பாதாம் வாங்கிப்போன வாடிக்கையாளர் "பருப்பு கசக்கிறது" என்று திரும்பி வந்தால், பழைய சரக்கு என்றே நாம் எண்ணிவிடுகிறோம். பழைய சரக்கில் வருவது சிக்கு வாடை. அது வைத்திருந்த விதத்தால் வருவது. கடுங்கசப்போ மரத்திலேயே பிறந்தது. இரண்டையும் ஒன்றாகக் கருதக் கூடாது.

பாதாமும், கொடைக்கானல், நீலகிரியில் விளையும் பீச் பழமும் ஒரே குடும்பம். காயின் அமைப்பும் ஒன்றே: மேலே தோல், அடுத்து சதை, அதற்குள் கெட்டி ஓடு, ஓட்டுக்குள் பருப்பு. பீச்சின் சதை சாறு பிடித்துப் பழுக்கிறது. சதையைத் தின்று கொட்டையை எறிகிறோம். பாதாமின் சதை காய்ந்து வெடித்துவிடுகிறது, பருப்புதான் சரக்கு. பீச் கொட்டையின் பருப்பு பொதுவாகக் கசக்கும். காட்டுப் பாதாமும் அப்படியே. அந்தக் கசப்புப் பொருளின் பெயர் அமிக்டலின். பருப்பு நசுங்கி ஈரம் சேர்ந்தால் அதிலிருந்து சயனைடு விஷம் பிரியும்.

நாம் விற்கும் பாதாம் இனித்தது எப்படி? கசப்பைத் தயாரிக்கும் ஜீன்களை முடுக்கிவிட இன்னொரு ஜீன் உண்டு. அதில் நேர்ந்த ஒரு சிறு மாற்றத்தால் கசப்புத் தயாரிப்பு நின்றது என்று 2019-ல் விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள்.

நமக்கு முக்கியமானது இதுதான்: பருப்பின் ருசியை நிர்ணயிப்பது தாய் மரம். மகரந்தம் எங்கிருந்து வந்தாலும் ருசி மாறாது. ஆனால் இனிப்பு மரத்தின் கொட்டையை நட்டால் கன்றும் இனிக்கும் என்ற உறுதியில்லை. பெற்றோர் இரண்டிலும் கசப்பு ஜீன் மறைந்திருந்தால், சராசரியாக நான்கில் ஒரு கன்று கசப்பு மரமாகும். அதனால்தான் தோட்டக்காரர்கள் ஒட்டுக் கட்டுகிறார்கள். கலிபோர்னியாவில் பீச் வேர்க்கன்றின் மேல் பாதாமை ஒட்டுவதும் உண்டு.

ஆகவே ஒரு பருப்பு கசந்தால், அதே மரத்தின் மற்றப் பருப்புகளும் மூட்டையில் இருக்கக்கூடும். அந்த ஒன்றை மட்டும் எறிந்துவிட்டு விற்பது சரியல்ல. மூட்டையின் மேலும் நடுவிலும் அடியிலும் எடுத்துப் பாருங்கள். குட்டையாக, அகன்று, இதய வடிவில் பருப்பு தெரிந்தால் அது ஆப்ரிகாட் கொட்டைப் பருப்பாக இருக்கலாம். விலை மலிவென்று அதைக் கலப்பவர்கள் உண்டு. அதிலும் கசப்பு ரகம் உண்டு. சந்தேகமான சரக்கை விற்காமல், அனுப்பியவருக்கே திருப்புங்கள். நம்மிடம் வாங்கும் பாதாம் பல வீடுகளில் குழந்தையின் பாலில்தான் அரைபடுகிறது.