செவிக்கும் ஒரு கல்வி

"இசைத் தொழில்நுட்பமும் ஒலி வடிவமைப்பும் சர்வகலாசாலையிற் பயிலத்தக்கனவோ?" என்று அன்பர் சிலர் என்னை வினவுவதுண்டு. யந்திரங்களை இயக்கப் பழகுதலே அக்கல்வி என்று நானும் ஒருகால் எண்ணியிருந்தேன்.

மனிதச் செவி செக்கனுக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள்வரை உணரும். ஒலியை எண்களாக மாற்றுவோர் அதன் உச்ச மீடிறனின் இரு மடங்குக்கு மேற்பட்ட தடவை அதனை அளத்தல் வேண்டும். ஆதலினாலேயே, 1982இல் விற்பனைக்கு வந்த இறுவட்டிற் செக்கனுக்கு 44,100 அளவைகள் அமைந்தன. இக்கணக்கு எனக்கு எளிதில் வசமாயிற்று, செவி வசமாகவில்லை.

1948இல், பாரிஸ் வானொலியிற் பணியாற்றிய பியர் ஷேபர் என்பார் புகைவண்டிகளின் ஓசைகளைப் பதிந்து, அவற்றை இணைத்தே இசையாக்கினார். அதனைக் கேட்டபோது, இரைச்சலென நாம் ஒதுக்குவதனுள்ளும் பொருள் உண்டென உணர்ந்தேன். உணர்ந்தும் பிழை செய்தேன்.

காலஞ்சென்ற அம்மம்மாவின் தாலாட்டைப் பதிந்த பழைய ஒலிநாடா ஒன்று எம்மிடம் இருந்தது. அதன் இரைச்சலைக் கணனியினால் முற்றாக நீக்கி, அன்னையாரிடம் பெருமையுடன் கொடுத்தேன். அவர் கேட்டுவிட்டு, "குரல் இருக்குது தம்பி, அம்மாவின்ரை மூச்சைக் காணேல்லையே" என்றார்.

மெய்தான். நாடாவின் சீறலும் மூச்சின் ஒலியும் பெரும்பாலும் ஒரே மீடிறன்களிற் பரந்து கிடப்பன. ஒன்றை அரிந்தபோது மற்றையதும் அரிபட்டுப் போயிற்று. நற்காலமாக மூலநாடா பழுதின்றி இருந்தது. மீண்டும் தொடங்கினேன், இம்முறை சீறலிற் பாதியை விட்டுவைத்தேன். அதனூடே அம்மம்மாவின் மூச்சும் மீண்டது.

நீக்கும் வகையை யந்திரம் காட்டும். நிறுத்தும் இடத்தைச் செவியே அறிதல் வேண்டும். அவ்வறிவைப் பெறுதற்கே சர்வகலாசாலை சென்றேன் என்று இப்பொழுது அன்பர்களுக்கு விடை கூறுகின்றேன்.