மேடை போடுவதற்கு முன்

மருங்காபுரி வட்டாரத்தில் சமையலறையை இடித்து மாற்றிக் கட்டுகிற வீடுகளில் வேலை பெரும்பாலும் கடையிலிருந்துதான் தொடங்குகிறது. மணப்பாறைக்கோ திருச்சிக்கோ போய் அலமாரிக் கதவின் நிறத்தைப் பார்க்கிறார்கள். அடுத்து கிரானைட். அதற்கப்புறம்தான் கொத்தனார். தண்ணீர் எந்தப் பக்கம் வடியும், புகை எந்த வழியாகப் போகும், யார் நின்று சமைக்கப்போகிறார்கள் என்ற கேள்விகள் கடைசியில் வருகின்றன. சில வீடுகளில் வருவதே இல்லை. இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். கதவையும் நிறத்தையும் ஐந்து வருஷம் கழித்துக்கூட மாற்றிக்கொள்ளலாம். தரையின் வாட்டத்தையும் சன்னலையும் மேடையின் உயரத்தையும் மறுபடி உடைக்காமல் மாற்ற முடியாது.

இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் சமையல் ஓர் அறைக்குள் முடிந்துபோன வேலையே இல்லை. உள்ளே மண் அடுப்பும் அதன் பக்கத்தில் கொடியடுப்பும் இருக்கும். சோறு கொதிக்கும்போது அதே தணலில் குழம்பு சுண்டும். நெல் அவிப்பது, வெந்நீர் போடுவது, கறி கழுவுவது, பாத்திரம் விளக்குவது எல்லாம் புழக்கடையில். ஆக, ஒரு வீட்டுக்கு இரண்டு சமையலறைகள் இருந்தன. ஒன்றுக்குக் கூரை உண்டு, மற்றதற்கு வானம்தான் கூரை. இன்றைக்குக் கடைகளில் காட்டும் படங்களில் இந்த இரண்டாவது சமையலறை கிடையாது. நகரத்து அடுக்குமாடி வீட்டுக்கு வரைந்த படத்தில் புழக்கடைக்கு ஏது இடம்? அந்தப் படத்தைப் பார்த்துக் கட்டியவர்கள் பின்பக்கத்தையும் மூடித் தகரம் போட்டுவிடுகிறார்கள். பிறகு ஐப்பசியில் தீபாவளி முறுக்கு சுட உட்கார்ந்தால் எண்ணெய்ப் புகை வீடு முழுக்க நிற்கிறது. மணப்பாறைக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு முறுக்கு சுட இடமில்லாத சமையலறை எதற்கு?

என் கருத்து இதுதான்: கையில் இருக்கும் பணத்தில் ஒரு பங்கை முதலிலேயே பின்பக்கத்துக்கு ஒதுக்கிவிடுங்கள். மூன்று பக்கம் திறந்த ஒரு தாழ்வாரம், விறகடுப்புக்கோ பெரிய கேஸ் பர்னருக்கோ ஒரு தாழ்ந்த திட்டு, பாத்திரம் விளக்க ஒரு கல், ஒரு குழாய், தண்ணீர் ஓட ஒரு வாய்க்கால். இவ்வளவு இருந்தால் உள்ளே இருக்கும் அறை சிறியதாக இருந்தாலும் போதும். பிரதமர் ஊரக வீட்டுத் திட்டத்தில் 2016இல் வீட்டின் குறைந்தபட்ச அளவை 20 சதுர மீட்டரிலிருந்து 25 ஆக உயர்த்தியபோது, சுகாதாரமாகச் சமைக்கும் இடத்தையும் அதில் சேர்த்தார்கள். 25 சதுர மீட்டர் என்பது 270 சதுர அடிக்கும் கொஞ்சம் குறைவு. அந்த அளவு வீட்டில் சமையலுக்கு எட்டுக்கு ஆறு அடி ஒதுக்குவதே பெரிய விஷயம். அங்கே புழக்கடையும் சேர்ந்தால்தான் அது முழுச் சமையலறை.

புகையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஓட்டு வீட்டில் புகை ஓட்டின் இடுக்குகள் வழியாகத் தானாக ஏறி வெளியேறிவிடும். கண் எரிந்தாலும் காற்று மாறிக்கொண்டே இருக்கும். ஓட்டை எடுத்துவிட்டுத் தார்சு போட்ட வீடுகளில் அந்த வழி அடைபட்டது. அடுப்பு மட்டும் பல வருஷம் மாறவில்லை. வீட்டுக்குள் எரியும் விறகு, வறட்டி, மண்ணெண்ணெய்ப் புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. தமிழ்நாட்டில் 2007 வாக்கில் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச கேஸ் அடுப்பு கொடுக்கத் தொடங்கியதும், 2016 மே முதல் தேதி உஜ்வலா திட்டம் தொடங்கியதும் இந்த நிலையை நிறைய மாற்றின. ஆனால் கேஸ் வந்ததும் புகைப் பேச்சு முடிந்துவிடவில்லை. தாளிக்கும் நெடியும் எண்ணெய்ப் படலமும் கேஸ் எரியும்போது வரும் வாயுக்களும் வெளியேறத்தான் வேண்டும்.

அதற்கு விலை உயர்ந்த சிம்னிதான் வேண்டும் என்பதில்லை. எதிரெதிர்ச் சுவர்களில் இரண்டு திறப்புகள், அடுப்புக்கு மேலே கூரையை ஒட்டி ஓர் எக்ஸாஸ்ட் ஃபேன், இவை போதும். சன்னலை அடுப்புக்கு நேராக வைத்தால் ஆடிக் காற்றில் தீ அணைந்துகொண்டே இருக்கும். அணைந்த அடுப்பிலிருந்து கேஸ் மட்டும் கசியும். அதனால் சன்னல் மேடையின் பக்கவாட்டில் இருக்கட்டும். சிம்னி வைப்பதென்று முடிவு செய்தால், அடுப்பிலிருந்து 65 முதல் 75 செ.மீ. உயரத்தில், குழாய் அதிகம் வளையாமல் நேரே சுவரைத் தாண்டி வெளியே போகும்படி வையுங்கள். குழாய் இல்லாமல் அதே காற்றை வடிகட்டி உள்ளேயே விடும் வகை நம் சமையலுக்குத் தாங்காது.

ஸ்ரீரங்கத்து உத்தர வீதி, சித்திரை வீதி வீடுகளுக்கு வேறொரு சிக்கல். நீளமான வீடு, இரண்டு பக்கமும் பக்கத்து வீட்டுச் சுவர். பக்கச் சன்னலுக்கு வழியில்லை. அங்கே முற்றத்தை மூடாமல் விடுவதுதான் சமையற்கட்டுக்கு வெளிச்சமும் காற்றும் கொடுக்கும் ஒரே வழி.

மேடை வந்த கதையையும் நினைத்துப் பார்க்க வேண்டும். அம்மி, ஆட்டுக்கல், அரிவாள்மனை, தரையடுப்பு என்று நம் சமையல் உட்கார்ந்து செய்த வேலை. கேஸ் அடுப்பு பெண்களை எழுந்து நிற்க வைத்தது. 1955இல் கோயம்புத்தூரில் உருவான கிரைண்டர் ஆட்டுக்கல்லை மெல்ல மெல்ல ஓரங்கட்டியது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டம் அந்த மாற்றத்தைக் குடிசை வரைக்கும் கொண்டுபோனது. ஆனால் நின்று செய்யும் வேலைக்கு உயரம் சரியாக இருக்க வேண்டும் என்பதை யாரும் சொல்லித் தரவில்லை. கொத்தனாருக்குப் பழகிய ஓர் உயரம் இருக்கும். எல்லா வீட்டுக்கும் அதையே போட்டுவிடுவார்.

அளவு எடுப்பது எளிது. தினமும் சமைக்கிறவர் செருப்பில்லாமல் சுவரை ஒட்டி நின்று, முழங்கையை மடக்கட்டும். தரையிலிருந்து முழங்கை வரை எவ்வளவு என்று பாருங்கள். அதில் நான்கு ஐந்து அங்குலம் கழித்தால் காய் நறுக்கும் மேடையின் உயரம். ஐந்தடி உயரப் பெண்ணுக்கு முழங்கை ஏறத்தாழ 38 அங்குலத்தில் வரும், மேடை 33. அடுப்பு நிற்கும் இடம் அப்படி இருக்கக் கூடாது. அடுப்பே நாலைந்து அங்குலம் உயரம், அதன்மேல் சோற்றுக் குண்டான். தோள்பட்டையைத் தூக்கிக்கொண்டே கிண்ட வேண்டிவரும். அடுப்புப் பகுதியை மூன்று அங்குலம் தாழ்த்தி 30இல் போட்டால் தோள்வலி குறையும். தொட்டி இருக்கும் பக்கத்தை மட்டும் ஓரிரு அங்குலம் உயர்த்தலாம், ஏனென்றால் கழுவும்போது கை தொட்டியின் அடிவரை போகிறது. மேடை ஒரே மட்டமாக நேர்க்கோட்டில் ஓடினால் பார்க்க அழகுதான். அந்த அழகுக்கு முதுகுதான் விலை கொடுக்கிறது. கொத்தனார் மறுத்தாலும் விட்டுக்கொடுக்காமல் கேட்டு வாங்க வேண்டியது இந்த மூன்று அங்குலம்.

வீட்டில் அப்பாயி இருந்தால் அவருக்கும் ஒரு மூலை வேண்டும். ஒன்றரை அடி உயரத் திண்டு ஒன்று, பக்கத்தில் வெளிச்சம். கீரை ஆய, வெங்காயம் உரிக்க, பேசிக்கொண்டிருக்க. கடைப் படங்களில் அந்த மூலை இருக்காது, அவை பிறந்த இடம் வேறு. ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரத்தில் 1926இல் மார்கரெட்டெ ஷூட்டெ-லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர், வேலை செய்யும் பெண்ணின் ஒவ்வோர் அசைவையும் நேரம் பார்த்துக் கணக்கிட்டு, ஏறத்தாழ 1.9 மீட்டர் அகலமும் 3.4 மீட்டர் நீளமும் கொண்ட ஒரு சமையலறையை வடிவமைத்தார். சுமார் 10,000 வீடுகளில் அது பொருத்தப்பட்டது. இன்றைய மாடுலர் கிச்சனுக்கு அதுவே முன்னோடி. நடையை மிச்சப்படுத்தும் அதன் யோசனையை நாம் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்: அடுப்பும் தொட்டியும் சாமான் அடுக்கும் இரண்டு மூன்று எட்டுக்குள் இருக்கட்டும். ஆனால் அது ஒருத்தி தனியாக நின்று சமைப்பதற்கான அறை. நம் வீட்டில் ஒருவர் மாவு பிசைய, ஒருவர் தேங்காய் துருவ, பிள்ளை நடுவில் வந்து தண்ணீர் கேட்கும். இருவர் முதுகு உரசாமல் கடக்க மேடைக்கும் எதிர்ச் சுவருக்கும் இடையே மூன்றரை அடியாவது விட வேண்டும். குடிதண்ணீரை வாசல் பக்கமே வைத்துவிட்டால் பிள்ளைகள் அடுப்பை நெருங்க வேண்டியதில்லை.

இனி தண்ணீர். காவிரிக் குடிநீரும் போர் தண்ணீரும் தனித்தனியாக வரும் வீடு என்றால் இரண்டு குழாய்கள் தொட்டிக்கு வரட்டும், ஒன்று குடிக்கவும் சமைக்கவும், மற்றது கழுவ. போர் தண்ணீரின் உப்பு, குழாயிலும் எவர்சில்வர் தொட்டியிலும் வெள்ளையாகப் படியும். பளபளப்பான கறுப்பு டைல்ஸில் அந்தக் கறை அப்படியே தெரியும், அதனால் சுவருக்கு வெளிர் நிறமே நல்லது. தொட்டியில் இரண்டு சிறு பள்ளங்களைவிட ஒரே அகலப் பள்ளம் மேல், இட்லிக் கொப்பரையும் குக்கரும் சாய்க்காமல் உள்ளே போக வேண்டுமே. தரையைக் கழுவிவிடும் பழக்கம் உள்ள வீட்டில், எட்டடிக்கு ஓர் அங்குலம் வாட்டம் கொடுத்து ஒரு மூலையில் தண்ணீர் போக்கு வையுங்கள். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி எங்கே தேங்குகிறது என்று பார்த்துவிடுவது நல்லது.

கல்லைத் தேர்ந்தெடுப்பதில் ஒன்றைத் தெரிந்துகொண்டால் போதும். கடப்பாக் கல் என்பது சுண்ணாம்புக் கல். புளி, எலுமிச்சை, தயிர் பட்டால் மேற்பரப்பு அரித்து வெளுக்கும். பளிங்கும் அப்படித்தான். கிரானைட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. துவரங்குறிச்சியிலிருந்து மதுரை சாலையில் போனால் மேலூர்ப் பக்கம் கிரானைட்டுக்குப் பேர்போனதுதான். ஆனால் வெளிர் நிறக் கல்லில் மஞ்சளும் எண்ணெயும் ஊறிக் கறையாக நிற்கும். சமையல் மேடைக்கு அடர்ந்த கறுப்பே நிம்மதி. மேடைக் கல்லின் முன்விளிம்புக்கு அடியில் ஒரு சிறு காடி வெட்டச் சொல்லுங்கள். வழியும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும், அலமாரிக்குள் போகாது.

கடப்பாக்கல்லுக்கு வேறு இடம் இருக்கிறது: மேடைக்கு அடியில் தட்டாக. செங்கல் தடுப்புச் சுவர், அதில் கடப்பாத் தட்டு, முன்னால் அலுமினியக் கதவோ பிவிசி கதவோ. இதைக் கரையான் தொடாது, தண்ணீர் உப்ப வைக்காது, உள்ளூர்க் கொத்தனாரே செய்துவிடுவார். மரத்தூள் பலகையில் செய்த பெட்டிகள் ஈரம் பட்டால் உப்பிவிடும், தொட்டிக்கு அடியில் மட்டுமாவது அவற்றைத் தவிர்க்க வேண்டும். பிளைவுட்தான் வேண்டும் என்றால் பலகையில் ஐ.எஸ். 710 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், தண்ணீரைத் தாங்கும் வகை அது. குண்டான், குக்கர், தட்டுகளுக்கு இழுப்பறை நல்ல வசதி, குனிந்து உள்ளே துழாவ வேண்டாம். எல்லாவற்றுக்கும் அது தேவையில்லை. அரிசிச் சிப்பம் இப்போது 26 கிலோவில் வருகிறது, அதைத் தூக்கி மேலே வைக்க யாராலும் ஆகாது. தரையிலிருந்து ஆறு அங்குலம் உயர்ந்த ஒரு திட்டு அதற்குப் போதும். பொங்கலுக்கும் காதுகுத்துக்கும் எடுக்கும் அண்டா, பித்தளைப் பானைகள் பரணுக்கு.

கேஸும் கரண்டும்தான் உயிர் சம்பந்தப்பட்டவை. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையோடு படரும். ஆகவே சிலிண்டரை அழகுக்காகக் கதவு போட்டு முழுக்க மூடாதீர்கள், கதவின் அடியில் காற்றுத் துளைகள் இருந்தே தீர வேண்டும். சிலிண்டரைவிட அடுப்பு உயரத்தில் இருக்க வேண்டும், ரப்பர் குழாய் ஒன்றரை மீட்டருக்கு மேல் கூடாது, ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை அதை மாற்ற வேண்டும். பின்சுவருக்கு வெளியே சிலிண்டர் வைத்து உலோகக் குழாயில் கேஸ் கொண்டுவர விரும்பினால், அதை ஏஜென்சியின் ஆளே செய்யட்டும். இன்டக்‌ஷன் அடுப்பு 2000 வாட் என்றால் நம் 230 வோல்ட்டில் ஒன்பது ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவாக இழுக்கும். சாதாரண 6 ஆம்பியர் பிளக்கில் அதைச் செருகக் கூடாது. குறைந்தது இரண்டு 16 ஆம்பியர் பாயின்ட் போடுங்கள், தொட்டியிலிருந்து தள்ளி. ஈரக் கையோடு சுவிட்சைத் தொடும் அறை இது, கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி கட்டாயம் வேண்டும். மேடைக்கு நேர் மேலே ஒரு விளக்கு இருக்கட்டும். அறையின் நடுவில் மட்டும் விளக்கு இருந்தால் நறுக்கும் கையின்மேல் நம் நிழலே விழும்.

வேலைக்கு இறங்கும் முன் தரையில் சாக்பீஸால் மேடையையும் தொட்டியையும் அடுப்பையும் வரைந்து, சமைக்கிறவரை அதற்குள் நடந்து பார்க்கச் சொல்லுங்கள். சுண்ணாம்புக் கோட்டை அழிக்கச் செலவில்லை. பிறகு குழாய், வடிகால், மின்குழாய், அடுத்து பூச்சு, தரை, அப்புறம் கல், கடைசியாகக் கதவு. பூச்சுக்கு ஒரு வாரமாவது தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கும், அத்தனை நாளும் குடும்பம் சாப்பிட்டாக வேண்டும். முதலில் பின்தாழ்வாரத்தைக் கட்டி முடித்துவிட்டால் அடுப்பை அங்கே மாற்றிக்கொள்ளலாம். வேலையை ஐப்பசி, கார்த்திகை மழையில் வைத்துக்கொள்ளாமல், தை அறுவடையெல்லாம் முடிந்து மாசி பிறந்த பிறகு தொடங்குவது வசதி.