படத்தில் இல்லாத கோலம்

பழைய மாத இதழ் ஒன்றில் வெளிவந்த படம். மூலப் புகைப்படம் இன்று யாரிடமும் இல்லை. அச்சுப் பிரதி ஒன்றே மிச்சம். அதை ஸ்கேன் செய்து குடும்ப வீடியோவில் சேர்க்கிறோம். திரையில் பார்த்தால், முகத்தின்மீது அலை அலையாகப் பட்டைகள்! படத்தை மெல்ல நகர்த்தினால் அவையும் நெளிந்து ஓடுகின்றன. தாளில் இல்லாத இக்கோலம் எங்கிருந்து வந்தது?

அச்சுப் படத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். கறுப்பு வெள்ளைப் படமானால், சாம்பல் நிறமே அங்கு இராது. சிறிதும் பெரிதுமான கரும்புள்ளிகளே இருக்கும். புள்ளி பெரிதானால் இருள், சிறிதானால் ஒளி. இதுவே ஹாஃப்டோன் முறை. செய்தித்தாளில் அங்குலத்துக்குச் சுமார் 85 புள்ளி வரிசைகளும், வழவழப்பான இதழ்களில் சுமார் 150 வரிசைகளும் இருப்பது வழக்கம்.

ஸ்கேனரும் சீரான இடைவெளியில்தான் படத்தை அளக்கிறது. அங்குலத்துக்கு 150 புள்ளிகள் கொண்ட வரிசையை அது 140 இடங்களில் அளப்பதாகக் கொள்வோம். முதல் அளவு ஒரு புள்ளியின் நடுவில் விழுகிறது. அடுத்தது சற்று விலகி விழுகிறது. அதற்கடுத்தது இன்னும் விலகுகிறது. இப்படி 14 அளவுகள் முடிவதற்குள் 15 புள்ளிகள் கடந்துவிட, மறுபடியும் புள்ளியின் நடு! கருமை, வெண்மை, கருமை என அங்குலத்துக்கு 10 பட்டைகள் தோன்றிவிடுகின்றன. 150க்கும் 140க்கும் உள்ள வித்தியாசமே அந்தப் பத்து.

இதற்கு முவாரே என்று பெயர். அலையோடிய பட்டுத்துணியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் இது. கொசுவலையை இரண்டாக மடித்து வெளிச்சத்தில் பிடித்து, ஒரு மடிப்பைச் சற்றே திருப்புங்கள். அதே அலைகளைக் காணலாம்.

தடுப்பது எப்படி?

சீராக மாறிவரும் ஒன்றைப் பிழையின்றிப் பதிய, அதன் வேகத்தைப்போல் இரு மடங்குக்கு மேல் அளக்க வேண்டும். அமெரிக்கப் பொறியியலாளர் கிளாட் ஷானன் 1949இல் நிறுவிக் காட்டிய விதி இது. 150 வரிசைக்கு 300க்கு மேல் வேண்டும். புள்ளிகளின் விளிம்பு கூர்மையானதால் 600 வைப்பது நல்லது.

ஆனால் ஆபத்து இன்னும் தீரவில்லை. 8 அங்குல அகலப் படம் இப்போது 4,800 பிக்ஸெல் ஆகிறது. வீடியோத் திரையின் அகலமோ 1,920தான். படத்தைச் சுருக்குவதும் மறுபடி அளப்பதே! அங்குலத்துக்கு 240 அளவுகளே மிஞ்ச, கோலம் திரும்பி வந்துவிடும். ஆகவே சுருக்குமுன், புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்து மறையும் அளவுக்குப் படத்தைச் சற்றே மங்கலாக்க வேண்டும். பிறகே சுருக்க வேண்டும்.

இந்த வரிசையை மாற்றிச் செய்தால் பயனில்லை. பட்டைகள் தோன்றியபின் படத்தை மங்கலாக்கினால், அகன்ற பட்டைகள் அப்படியே நிற்கும், முகம்தான் அழியும். எது முகத்தின் நிழல், எது பொய்க் கோலம் என்று பிழையின்றிப் பிரித்தறிவது கணிப்பொறிக்கும் கடினம்.

புகைப்படத் தாளில் கழுவி எடுத்த பிரதியில் ஹாஃப்டோன் புள்ளிகள் இல்லை. அது கிடைத்தால் அதையே ஸ்கேன் செய்யுங்கள். அச்சுப் பிரதிதான் உண்டென்றால், சுருக்காத முதல் ஸ்கேனைப் பத்திரப்படுத்துங்கள். தாள் மக்கிப்போன பிறகு, அந்த முகத்துக்கு அதுவே மூலப் பிரதி.