போர் விமானத்தின் மூக்குக்கு ஏன் தனி நிறம்?

1963-ல் இந்திய விமானப்படையில் சேர்ந்து, 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடைபெற்ற மிக்-21 போர் விமானத்தின் முன்புறத்தில், இயந்திரத்துக்குக் காற்று செல்லும் வட்ட வாயின் நடுவே ஒரு கூம்பு துருத்திக்கொண்டிருக்கும். உடல் வெள்ளியாய் மின்னும் பல மிக்-21களில் அந்தக் கூம்பும் செங்குத்து வாலின் உச்சியும் மட்டும் அடர்பச்சையாக இருப்பது அலங்காரத்துக்காக அன்று. அவ்விரு இடங்களிலும் உலோகம் இல்லை.

ரேடார் அனுப்பும் வானொலி அலைகளை உலோகம் திருப்பியடித்துவிடும் என்பதால், அக்கருவியை மூடும் உறை மின்சாரத்தைக் கடத்தாத பொருளால், பெரும்பாலும் கண்ணாடி இழையைப் பிசினில் தோய்த்து இறுக்கிய கலவையால், செய்யப்படுகிறது. இவ்வுறைக்கு ரேடோம் என்று பெயர். அதன் தடிமனும் கணக்கிட்டே முடிவு செய்யப்படுகிறது. போர் விமான ரேடார்கள் பல பயன்படுத்தும் அலையின் நீளம் காற்றில் ஏறத்தாழ 3 செ.மீ. என்றால், கண்ணாடி இழைக் கலவைக்குள் அது சுமார் பாதியாகச் சுருங்குகிறது. அந்தச் சுருங்கிய நீளத்தில் பாதி, அதாவது ஏறக்குறைய 7.5 மி.மீ., சுவரின் தடிமனாக அமைந்தால் இரு பரப்புகளிலும் எதிரொலிக்கும் அலைகள் ஒன்றையொன்று பெருமளவு அழித்துக்கொள்ள, ரேடார் அலை அதிக இழப்பின்றி வெளியேறுகிறது. எனவே மேலே பூசும் வண்ணம்கூட அளவு மீறக் கூடாது. அலுமினியத் துகள் கலந்த வெள்ளிப் பூச்சுக்கு அங்கே இடமே இல்லை. மிக்-21-ன் கூம்புக்கு இன்னொரு வேலையும் உண்டு: ஒலியை மிஞ்சும் வேகத்தில் அது முன்னே நகர்ந்து, அதிர்வலை காற்றுவாயின் விளிம்பருகே அமையும்படி பார்த்துக்கொள்கிறது.

அமெரிக்காவின் எஃப்-4 ஃபேன்டம், எஃப்-106 போன்றவற்றின் கறுப்பு மூக்கு வேறு காரணத்தால் வந்தது. மணிக்கு நூற்றுக்கணக்கான கி.மீ. வேகத்தில் மோதும் மழைத்துளி பிசினைச் செதுக்கி எடுத்துவிடும் என்பதால், நியோப்ரீன் என்ற செயற்கை ரப்பர் மேலே பூசப்பட்டது. கார்பன் கலந்த அந்தப் பூச்சின் இயல்பான நிறம் கறுப்பு. காற்று உராய்வில் சேரும் நிலைமின்சாரத்தை உடலுக்குக் கடத்திவிடவும் இத்தகைய பூச்சுகள் உதவின. பிற்பாடு பல நிறங்களில் கிடைக்கும் பாலியூரித்தேன் பூச்சுகள் வந்ததும், தொலைவிலிருந்தே காட்டிக்கொடுக்கும் கறுப்பு மூக்கைத் தக்கவைக்கத் தேவை இருக்கவில்லை. 1980களில் பல ஃபேன்டம்களின் மூக்கு உடலோடு ஒத்த உருமறைப்பு நிறத்துக்கு மாறியது.

ஓய்வுபெற்ற விமானத்திலோ ரேடாரைக் கழற்றிவிடுவதால் இந்தக் கட்டுப்பாடுகள் எதுவும் பொருந்துவதில்லை. மறுவண்ணம் பூசுவோர் கூம்பையும் உடலையும் ஒரே வெள்ளியில் மூழ்கடித்தாலும் எந்தக் கருவியும் குறை சொல்லப்போவதில்லை. ஆனால் வரலாற்றுச் சான்று என்ற வகையில் அது பிழையே. தவிர, திறந்தவெளியில் நிறுத்திய விமானங்களில் வெயிலின் புறஊதாக் கதிர் பிசினை வெளிறச் செய்ய, விரிசல் வழியே நீர் இறங்கி அடுக்குகளைப் பிரித்துவிடுகிறது. பராமரிப்பாளர்கள் நாணயத்தால் மெல்லத் தட்டிப் பார்ப்பது இதனால்தான்: உறுதியான இடத்தில் கணீரென்ற ஒலி கேட்கும், பிரிந்த இடத்தில் மந்தமாக ஒலிக்கும். புதுச் சாயம் பூசுவதற்கு முன்பே செய்ய வேண்டிய சோதனை இது, ஏனெனில் மேலே வண்ணம் ஏறிய பின் அந்த விரிசல்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை.