நாஞ்சில் நாட்டு நாவல்களின் திரைத்தழுவலில் நிலமும் மொழியும்

ஆய்வுச்சுருக்கம்
நாவல் திரைப்படமாகும்போது கதை மாறுவதையே பார்வையாளர் பெரிதும் குறை கூறுவர். கன்னியாகுமரி மாவட்டப் பின்புலம் கொண்ட இரு நாவல்களின் திரைத்தழுவல்களை ஒப்பிடும் இக்கட்டுரை, கதைமாற்றத்தினும் நிலமும் வட்டார வழக்கும் நீங்குவதே பொருளை மிகுதியாக மாற்றுகிறது என்பதை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: நாஞ்சில் நாடு, திரைத்தழுவல், வட்டார வழக்கு, தலைகீழ் விகிதங்கள், ஏழாம் உலகம்

முன்னுரை
திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்து 1956 நவம்பர் 1இல் தமிழகத்துடன் இணைந்த குமரி நிலத்திற்குத் தனித்த பேச்சு வழக்கும் உறவுமுறையும் சொத்துரிமை வரலாறும் உண்டு. நாஞ்சில் நாடனின் தலைகீழ் விகிதங்கள் (1977), ஜெயமோகனின் ஏழாம் உலகம் (2003) ஆகிய நாவல்கள் இந்நிலத்தில் வேர்கொண்டவை. முன்னது தங்கர் பச்சானின் ‘சொல்ல மறந்த கதை’யாகவும் (2002), பின்னதன் பகுதிகள் பாலாவின் ‘நான் கடவுள்’ (2009) படத்திலும் திரைவடிவம் பெற்றன. இரண்டிற்கும் இசை இளையராஜா.

மருமகனும் மாமனார் வீடும்
தலைகீழ் விகிதங்கள் நாவலின் சிவதாணு, படித்தும் வேலையற்றவன். செல்வர் வீட்டில் பெண்ணெடுத்துத் தன்மதிப்பை இழப்பவன். திரைப்படத்தில் இக்கதை நடுநாட்டிற்கு இடம்பெயர்கிறது. வறுமை, அவமானம், மீட்சிக்கான துடிப்பு ஆகியவை எந்த ஊருக்கும் பொருந்துவன ஆதலின் கதை சிதையவில்லை. ஆயின் நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே மருமக்கள்வழி உரிமை நிலவியதையும், கொல்லம் 1101இல் (1926) இயற்றப்பட்ட சட்டத்தின் பின்னரே மக்கள்வழி உரிமை நிலைபெற்றதையும் இங்கு நினைவுகூர வேண்டும். உடன்பிறந்தாள் மகனுக்குச் சென்ற சொத்து பெற்ற மக்களுக்குச் செல்லத் தொடங்கியபின், செல்வரின் மகளை மணப்பது பொருளியல் ஏற்பாடாக வலுப்பெற்றது எனக் கருத இடமுண்டு. அப்பின்னணியில் சிவதாணுவின் இழிவு தனிமனிதத் துயரம் மட்டுமன்று. ஒரு சமூக மாற்றத்தின் விளைவுமாகும். நிலம் மாறிய திரைப்படத்தில் இவ்வரலாறு ஒலிக்க வழியில்லை. சுசீந்திரம் தாணுமாலயனை நினைவூட்டும் ‘சிவதாணு’ என்ற பெயர் மட்டும் பழைய மண்ணின் எச்சமாகப் படத்தில் நிற்கிறது.

பண்டாரமும் தாண்டவனும்
ஏழாம் உலகம் உடற்குறையுடையோரைப் பிச்சைக்கு அமர்த்திப் பொருளீட்டும் தொழிலைப் பேசுகிறது. அவர்களை ‘உருப்படி’ எனக் குறிக்கும் ஒரு சொல்லே மனிதர் சரக்காவதைக் காட்டிவிடுகிறது. அத்தொழிலை நடத்தும் பண்டாரம் கோயிலுக்குச் செல்பவர். மகள்களின் திருமணத்திற்காகக் கவலையுறும் பாசமுள்ள தந்தை. கொடுமை இயல்பு வாழ்வின் பகுதியாக இருப்பதே நாவல் தரும் அதிர்ச்சி. திரைப்படத்தில் அவ்விடத்தில் தாண்டவன் என்னும் வெளிப்படையான கொடியவன் நிற்கிறான். காசியிலிருந்து வரும் அகோரி ருத்ரன் அவனை அழிக்கிறான். நாவல் வாசகர்முன் வைத்த வினாவிற்குத் திரைப்படம் தண்டனையால் விடை தருகிறது. திரைக்கு உரையாடல் எழுதியவரும் ஜெயமோகனே என்பதால், இம்மாற்றத்தை மூலத்தை அறியாமையின் விளைவு என்று கொள்ள இயலாது. ஊடகத்தின் தேவையும் இயக்குநரின் நோக்கும் இணைந்த தெரிவாகவே கொள்ளல் தகும். அதே வேளையில், வாசிப்பில் கற்பனையால் மட்டும் கண்ட உடல்களை நேர்முகமாகக் காணச் செய்தது திரையின் தனி வலிமை. இப்படத்திற்காகப் பாலா சிறந்த இயக்குநருக்கான தேசிய விருதைப் பெற்றார்.

வழக்கின் இழப்பு
‘வேய்’, ‘மக்கா’ போன்ற விளிகள் பேசுவோரிடையேயான நெருக்கத்தையும் ஏற்றத்தாழ்வையும் ஒருசேர உணர்த்துவன. ஏழாம் உலகத்தில் இரவலர் தம்முள் பேசும் எள்ளலும் இவ்வழக்கிலேயே உயிர்பெறுகிறது. அவர்கள் இரக்கத்திற்குரிய பொருள்களாகச் சுருங்காமல் காப்பது அந்நகையே. நாவலில் அறியாத சொல்லை வாசகர் நின்று மீண்டும் படிக்கலாம். திரையரங்கில் உரையாடல் கேட்ட கணமே விளங்க வேண்டும். எனவே தமிழகம் முழுதும் செல்லவேண்டிய படம் பொதுவழக்கை நாடுகிறது.

முடிவுரை
மூலத்திற்கு ஒத்திருத்தல் என்பதை நிகழ்ச்சிகளை எண்ணி அளத்தல் போதாது. ‘சொல்ல மறந்த கதை’ கதையைப் பெரிதும் காத்து நிலத்தை விட்டது. ‘நான் கடவுள்’ மாந்தரைப் பெற்று அறநோக்கை மாற்றியது. குமரி நிலத்தின் வழக்கு திரையில் குறைவாகவே பதிவாகியுள்ள நிலையில், அவ்வழக்கின் முதன்மைச் சான்றுகளாக நாவல்களே நிற்கின்றன. படத்தைக் கண்டவர் நாவலையும் வாசித்தற்கு இதுவே போதிய காரணமாகும்.